இரண்டு கோடு சிக்னல்

முத்தையன்கட்டுக் குளக்கட்டில்
துருசுக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு.
நாலடி தள்ளினால் ஒன்று.
வீட்டில் ஒன்றுமில்லை.

வியாழன் பின்னேரம் ஐந்தரைக்கு
மோட்டார் சைக்கிளை மருத மரத்தடியில் விட்டு
ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகுவேன்.
மற்றக் காது யானைக்கு.

அக்காவின் பெயர் கோசலை. மட்டக்களப்பு.
முகத்துக்குப் பின்னால் நீலத் திரைச்சேலை,
எங்கேயோ குக்கர் விசில்.
முதல் நாள் ஒரு படிவம் அனுப்பினா:
கடந்த இரண்டு கிழமையில்
எத்தனை நாள் நித்திரை வரவில்லை,
எத்தனை நாள் எதிலும் மனம் ஒட்டவில்லை,
பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று.

நான் நிரல்களில் பிழைப்பவன்.
கடன் கொம்பனியில் ஆறு வருஷம்
கட்டினது, கட்டாதது, மிச்சம் என்று
பெண்களை எழுதி வைத்தவன்.
இதையும் ஒழுங்காக நிரப்பினேன்.
கூட்டிப் பார்த்தேன்.
கடைசிக் கேள்வியை மட்டும்
அழித்துப் பூச்சியமாக்கி அனுப்பினேன்.

"குளத்தடியில ஆரோடை கதைக்கிறனீங்கள்?"
மனைவி ஒருநாள் கேட்டாள்.
வேலை விஷயம் என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.

மூன்று வியாழன் வெயிலைப் பற்றிக் கதைத்தேன்.
பசியில்லாததைப் பற்றி,
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
ஸ்டார்ட் எடுக்காத மோட்டார் சைக்கிளைப் பற்றி.
"செவ்வாயில என்ன கா?" என்றா.
அந்தக் "கா" எங்கள் பக்கத்தில் இல்லை.
அதில் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

நாலாவது வியாழன் சொன்னேன்.

யோகமலரின் முற்றத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை.
காசு தரும்வரை எழும்பக் கூடாது,
கொம்பனிச் சட்டம்.
காலை ஒன்பதுக்கு இருந்தேன்.
மத்தியானம் எனக்கும் சோறு போட்டா,
கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பிட்டேன்.
மூன்று மணிக்கு ஒட்டுசுட்டானிலிருந்து ஒருத்தன் வந்து
தண்ணிப் பம்பைக் கொண்டு போனான்.
நாலுக்குக் காசை எண்ணி வாங்கித்
துண்டு எழுதிக் கொடுத்தேன்.
அடுத்த செவ்வாய் அதே முற்றத்தில்
நாற்பது ஐம்பது கதிரை, வாடகைக் கதிரை.
படலையில் நின்றேன்.
ஒரு பெடியன் ஒன்றை இழுத்துப் போட்டு
இருங்கோ அண்ணை என்றான்.

சொல்லி முடித்து நிமிர்ந்தால்
திரையில் அக்காவின் முகம் உறைந்திருந்தது,
ஒரு கண் பாதி மூடி.
எப்போது அறுந்ததென்று தெரியாது.
நீர்க்காகம் ஒன்று மூழ்கிப்
பார்க்காத இடத்தில் எழும்பியது.

பிறகு போன் அடித்தது. படமில்லாத அழைப்பு.
"சோறு போட்டா எண்டது வரைக்கும் கேட்டது.
அங்க இருந்து திரும்பச் சொல்ல ஏலுமா?
ஏலாட்டி இண்டைக்கு வேணாம்."

கோபம்தான் வந்தது.
ஒருக்கால் சொல்லவே எட்டு மாதம்.
துருசின் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
திரும்பவும் சோற்றிலிருந்து தொடங்கினேன்.
பம்பு வந்ததும் வாய் தன்பாட்டில் சொன்னது:
பாரம் அக்கா, அவனால் தனியத் தூக்க ஏலவில்லை,
நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

அங்கே சத்தமில்லை.
இது சிக்னல் இல்லை என்று விளங்கியது.
மூச்சுக் கேட்டது.

கன நேரத்துக்குப் பிறகு
"அந்தப் படிவத்தில கடைசிக் கேள்வி," என்றா,
"உண்மையா எத்தனை?"

"இரண்டு."

"சொன்னது நல்லம். இண்டைக்கு ராவைக்கு
வீட்டில ஆர் இருக்காங்க? அவவுக்குத் தெரியுமா?
வியாழன் மட்டும் பாத்துக்கொண்டிருக்க வேணாம்,
விடிய ஏழு மணிக்கு எடுப்பன்.
மனே, போனைச் சார்ஜில போடுங்க."

இருட்டில் மெதுவாகத்தான் ஓடினேன்.
குசினியில் இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது.
"வேலை விஷயம் முடிஞ்சுதோ?" என்றாள்.
கதிரையை இழுத்துப் போட வந்தவளைத் தடுத்து
நிலத்தில் இருந்தேன்.
"அடுப்பைக் குறை," என்றேன்,
"கொஞ்சம் நேரமெடுக்கும்."